புரதம் பெருகவும் கொழுப்பு குறையவும்

1993-94ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கிராமப்புறங்களில் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொண்ட புரதம் சராசரியாக 60 கிராம்; கொழுப்பு 31 கிராம். முப்பது ஆண்டுகள் கழித்து, 2023-24இல் நடந்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி புரதம் 62 கிராம். கொழுப்பு 60 கிராம். நகர்ப்புறங்களில் கொழுப்பின் அளவு இதனினும் மிகுதி. அது ஏறத்தாழ 70 கிராம். அதாவது, ஒரு தலைமுறைக் காலத்தில் கிராமத்து உணவில் கொழுப்பு இரு மடங்காயிற்று. புரதமோ இருந்த இடத்தைவிட்டுப் பெரிதும் நகரவில்லை. வருமானம் உயர்ந்தது, சந்தை விரிந்தது, சாலையும் மின்சாரமும் ஊர்களை எட்டின. இத்தனைக்கும் பின்னர் உணவில் நேர்ந்த மாற்றம் இந்த வகையில் அமைந்தது ஏன் என்பது பொருளாதாரம் பயில்வோரும் திட்டங்களைச் செயல்படுத்துவோரும் ஆராயத் தக்க வினாவாகும்.

சராசரி 62 கிராம் என்பது குறைவான அளவா எனில், மேலோட்டமாகப் பார்க்குங்கால் அன்று என்றே கூற வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த நெறிகளின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆடவருக்கு இது 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்டிருக்குச் சுமார் 46 கிராம். (1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு இடம் மாறி, 1969இல் இப்பெயர் பெற்றது.) கணக்கின்படி தேவைக்கு மேலேயே கிடைக்கிறது. ஆயினும் இங்கு இரண்டு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, சராசரி என்பது எவருடைய இலையிலும் பரிமாறப்படுவதன்று. இருப்போர் இலையிலும் இல்லாதோர் இலையிலும் உள்ளதைக் கூட்டி வகுத்த எண் அது. இரண்டாவது, இந்தப் புரதத்தில் கிராமப்புறங்களில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு அரிசி, கோதுமை போன்ற தானியங்களிலிருந்தே வருகிறது. பருப்பு வகைகளின் பங்கு பத்தில் ஒன்று என்ற அளவிலேயே நிற்கிறது.

தானியப் புரதம் தாழ்ந்ததன்று, ஆனால் குறையுடையது. புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றுள் சிலவற்றை உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஒன்பதை உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். அந்த ஒன்பதில் லைசின் என்பது தானியங்களில் போதாது. பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் போதாத மெத்தியோனின் தானியத்தில் உண்டு. எனவே இரண்டும் ஒருசேர உண்ணப்படும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பொங்கலும் இட்டிலியும், வடநாட்டுக் கிச்சடியும், பருப்பும் ரொட்டியும் இவ்வாறு அமைந்த சேர்க்கைகளே. தானியம் மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு, பால் இரண்டரைப் பங்கு என்ற விகிதம் நல்ல தரமுள்ள புரதத்தைத் தரும் என்பது மேற்கூறிய நிறுவனத்தின் கணிப்பு.

எண்ணெய் சேரும்போது நிகழ்வது

புரதம் போதவில்லை என்ற முழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1950, 1960களில் உலகெங்கும் 'புரதப் பற்றாக்குறை' என்ற கருத்தே ஓங்கி நின்றது. 1968இல் ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கையொன்று, வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தடுக்க வேண்டுமென எச்சரித்தது. அப்போது அதனை மறுத்து உரைத்தவர்களுள் இந்திய அறிஞர்களான சி. கோபாலனும் பி. வி. சுகாத்மேயும் முதன்மையானவர்கள். நம் மக்கள் உண்ணும் தானியமும் பருப்பும் கலந்த உணவை வயிறு நிறைய உண்டால், அதிலேயே புரதமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். உண்மைக் குறைபாடு வயிறு நிறையாமைதான் என்பது அவர்கள் வாதம். அது சரியான வாதம். தனிப் புரத மாவுகளுக்கும் விலையுயர்ந்த பொட்டல உணவுகளுக்கும் செல்லவிருந்த கவனத்தை அது சாதாரண உணவின்பால் திருப்பியது.

ஆனால் அந்த வாதம் ஓர் அடிப்படையின்மீது நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். கூடுதலாக உண்ணும் ஒவ்வொரு கலோரியும் தானியத்திலிருந்து வரும் என்பதே அவ்வடிப்படை. நூறு கலோரி தரும் கோதுமையில் மூன்றரை கிராம் புரதம் உண்டு. நூறு கலோரி தரும் அரிசியில் இரண்டு கிராம் உண்டு. நூறு கலோரி தரும் எண்ணெயில் புரதம் சிறிதும் இல்லை, சர்க்கரையிலும் இல்லை. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. புரதமும் மாவுப் பொருளும் 4 கலோரியே தருகின்றன. ஆதலால் இரண்டு கரண்டி எண்ணெய் கூடுதலாகச் சேர்ந்தால் ஒரு பிடி சோறு குறைந்தாலும் வயிற்றுக்குத் தெரிவதில்லை. அந்தப் பிடியோடு போன புரதமும் தெரிவதில்லை.

இது வெறும் ஊகமன்று. கிராமப்புறத்தில் ஒருவர் மாதந்தோறும் நுகர்ந்த தானியம் 1993-94இல் 13.4 கிலோ, 2022-23இல் 9.6 கிலோ. நாளொன்றுக்குச் சுமார் 125 கிராம் தானியம் குறைந்தது. அதனுடன் பத்து கிராமுக்கு மேற்பட்ட புரதமும் குறைந்திருக்க வேண்டும். பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றின் நுகர்வு பெருகி அந்த இழப்பை ஈடு செய்ததனால்தான் மொத்தம் 60ஐ ஒட்டியே நிற்கிறது. அவற்றை வாங்க இயலாத குடும்பத்தில் ஈடு செய்தது எதுவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1970களின் விவாதத்தில் வென்ற கருத்து அன்றைக்குப் பொருந்தியது; எண்ணெயும் சர்க்கரையும் மலிந்த இன்றைய தட்டுக்கு அதை அப்படியே பொருத்துதல் இயலாது.

பருப்பு தேய்ந்த கதை

பருப்பின் வரலாறு வருத்தந் தருவது. 1961இல் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பருப்பு 69 கிராம். 1971இல் அது 51 கிராம், 1981இல் 37.5 கிராம், 2001இல் 30 கிராம். உற்பத்தி குன்றியதே காரணம் என்று கூறுவதைவிட, உற்பத்தி அசையாமல் நின்றதே காரணம் என்பது பொருத்தம். 1960-61இல் நாடு விளைவித்த பருப்பு 127 இலட்சம் டன். 2000-01இல் விளைந்ததோ 111 இலட்சம் டன். இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை 44 கோடியிலிருந்து 103 கோடியாகியிருந்தது.

பசுமைப் புரட்சியைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது இல்லையேல் நாடு பட்டினியில் ஆழ்ந்திருக்கும். எனினும் நீர் பாய்ந்த நிலமெல்லாம் கோதுமைக்கும் நெல்லுக்கும் போயிற்று. பஞ்சாபிலும் அரியானாவிலும் குளிர்காலக் கடலை விளைந்த வயல்கள் கோதுமைக்கு மாறின. கடலைச் சாகுபடி மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், ஆந்திரம் என மையத்துக்கும் தெற்கிற்கும் இறங்கி, பெரும்பாலும் மானாவாரி நிலத்தில் தங்கிற்று. உறுதியான கொள்முதலும் இல்லை. உரத்துக்கு எகிறும் குட்டை இரகங்களும் பருப்பில் தோன்றவில்லை. உழவன் கணக்குப் பார்த்தான். அவன் கணக்கில் பிழை காண இயலாது. பின்னர் நிலைமை ஓரளவு திருந்தியது. 2016-17இல் உற்பத்தி 230 இலட்சம் டன்னைக் கடந்தது. 2021-22இல் 270 இலட்சம் டன்னை எட்டியது. இருப்பினும் 1961இல் தலைக்குக் கிடைத்த அளவு மீளவில்லை.

எண்ணெயின் பாதை இதற்கு நேர்மாறானது. 1980-81இல் தலைக்கு ஆண்டொன்றுக்கு 3.8 கிலோ, 2000-01இல் 8.2 கிலோ, 2010-11இல் 13 கிலோ, அண்மை ஆண்டுகளில் சுமார் 19 கிலோ. 1986இல் தொடங்கிய எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கம் சில ஆண்டுகளில் வித்து உற்பத்தியை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, நாட்டைத் தன்னிறைவின் விளிம்புக்குக் கொண்டு வந்தது. 1994இல் பாமாயில் இறக்குமதி எளிதாக்கப்பட்டதும் நிலை மாறிற்று. இன்று நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டினின்று வருவது. 2025 பிப்ரவரியில் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர், ஒவ்வொரு குடும்பமும் எண்ணெய்ப் பயன்பாட்டை நூற்றுக்குப் பத்துக் குறைக்க வேண்டுமென வேண்டுகோள் விடுத்தார். உடல் நலத்தோடு அந்நியச் செலாவணியும் இதில் அடங்கியுள்ளது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

19 கிலோ என்பது வீட்டு அடுப்பில் மட்டும் செலவாவதன்று. உணவு விடுதியும், மாலை நேரத் தள்ளுவண்டியும், நொறுக்குத்தீனிப் பொட்டலமும் அதில் அடக்கம். ஆகவே இல்லத்தரசியை மட்டும் கடிந்துகொள்வதில் பயனில்லை. எனினும் ஒப்பு நோக்க ஓர் அளவுகோல் வேண்டும். 2024இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி, 2000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய் போதும் என்கிறது. நால்வர் உள்ள குடும்பத்துக்கு இது மாதம் மூன்றரை லிட்டர். மாதக் கடைசியில் காலிப் பொட்டலங்களை எண்ணினாலே குடும்பத்தின் நிலை விளங்கிவிடும்.

கொழுப்பைத் துணைக்கு அழைக்காத புரதம்

புரதம் வேண்டுவோர் கொழுப்பையும் உடன் வாங்க நேர்வது உண்டு. முட்டை ஒன்றில் 6 கிராம் புரதமும் ஏறத்தாழ அதே அளவு கொழுப்பும் உள்ளன. நிலக்கடலை நூறு கிராமில் 25 கிராம் புரதம். கொழுப்போ 40 கிராம். பனீரில் இரண்டும் ஏறக்குறையச் சமம். இவை உண்ணத் தகாதவை என்பதன்று. அளவறிந்து உண்ணத் தக்கவை. பருப்பு இனத்தில் இந்தச் சிக்கல் இல்லை. நூறு கிராம் துவரம் பருப்பில் 22 கிராம் புரதம், 1.7 கிராம் கொழுப்பு. பாசிப் பருப்பில் 24 கிராம் புரதம், 1.2 கிராம் கொழுப்பு. கொள்ளில் 22 கிராம் புரதம். கொழுப்பு அரை கிராம். குதிரைக்கும் மாட்டுக்கும் உரியதென ஒதுக்கப்பட்ட கொள், இந்த வகையில் பல விலையுயர்ந்த உணவுகளை விஞ்சி நிற்கிறது. மீனில், குறிப்பாகக் கொழுப்பு மிகாத வகைகளிலும், தோல் நீக்கிய கோழி இறைச்சியிலும் இதே நன்மை உண்டு.

சமைக்கும் முறையில்தான் இந்த நன்மை காக்கப்படுகிறது அல்லது தொலைகிறது. ஒரே உளுந்து இட்டிலியாகவும் ஆகிறது, வடையாகவும் ஆகிறது. ஆவியில் வெந்தது உளுந்தின் புரதத்தை அப்படியே தருகிறது. எண்ணெயில் வெந்தது எண்ணெயையும் குடித்து வருகிறது. கடலை மாவுக்கும் இதுவே நேர்கிறது. குஜராத்தின் டோக்ளா ஆவியில் வேகிறது. பக்கோடா வாணலியில் வேகிறது. புரதம் ஒன்றே, கொழுப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. சுண்டலுக்குத் தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். அது 5 கிராம்.

பாலின் வரலாறு இதில் தனி இடம் பெறத்தக்கது. எருமைப் பாலில் புரதம் 4 கிராமுக்குச் சற்று மேல். கொழுப்பு ஆறரை கிராம். பம்பாயில் ஆரே பால் பண்ணையை உருவாக்கிய தாரா குரோடி 1940களில் ஓர் எளிய வழி கண்டார். எருமைப் பாலுடன் கொழுப்பு நீக்கிய பால் தூளையும் நீரையும் சேர்த்தால், கொழுப்பு பாதியாகும், புரதமுள்ள பிற திடப் பொருள்களின் அளவு குறையாது, பாலின் அளவு பெருகும், விலையும் இறங்கும். இன்று நாடெங்கும் 3 விழுக்காடு கொழுப்புடன் விற்கப்படும் சமன்படுத்திய பால் அவ்வழியில் வந்ததே. 1.5 விழுக்காடு கொழுப்புள்ள இருமுறை சமன்படுத்திய பாலும் உண்டு. புரதத்தை இழக்காமல் கொழுப்பைக் குறைப்பதென்பது இந்நாட்டில் ஒரு தொழில்நுட்பமாகவே, அதுவும் ஏழைக்கு மலிவாகப் பால் கிடைக்க வேண்டுமென்ற நோக்கில், செயலாகியிருக்கிறது. அதற்கு முன்பே கிராமத்தில் வேறொரு வடிவில் இது நிகழ்ந்தது. வெண்ணெய் கடைந்தெடுத்து நெய்யாக்கிக் காசுக்கு விற்பர். மோர் வீட்டில் தங்கும், அண்டை அயலாருக்கும் போகும். பாலின் புரதம் பெரும்பாலும் மோரில்தான் இருந்தது. நெய்யை மதித்தோம், மோரை நீரோடு சேர்த்து எண்ணினோம்.

புரத மாவுப் பொட்டலங்களைப் பற்றி ஒரு சொல். உடற்பயிற்சிக் கூடங்களில் இவற்றை இளைஞர்கள் தேடி வாங்குகின்றனர். தசை வளர்ப்பதற்காக இவற்றை உண்ணுதல் வேண்டாமென்றே 2024ஆம் ஆண்டு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. அதே வழிகாட்டியின் அளவுப்படி 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, இறைச்சி, 35 கிராம் கொட்டை வகைகள், 300 மில்லி பால் ஆகியவற்றை உண்டாலே 55 கிராமுக்கு மேல் புரதம் சேர்ந்துவிடும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

யாருக்குக் குறைப்பு, யாருக்குக் கூடாது

ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) ஒரே நாட்டில் இரு நாடுகளைக் காட்டுகிறது. பெண்டிரில் நூற்றுக்கு 24 பேர் மிகை எடை உடையோர். நூற்றுக்கு 19 பேர் வேண்டிய எடையே இல்லாதோர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமில்லை. கொழுப்பைக் குறையுங்கள் என்ற அறிவுரையை இவ்விரு சாராருக்கும் ஒன்றுபோல் கூறுதல் தீங்காகும். சிறு குழந்தையின் வயிறு சிறியது. ஒரு வேளைக்கு அது கொள்ளும் கஞ்சியோ கிச்சடியோ கொஞ்சம். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் 45 கலோரி கூடுகிறது. கலோரி போதாத உடல், உண்ட புரதத்தையே எரித்துச் சூடாக்கிக்கொள்ளும், வளர்ச்சிக்கு எஞ்சாது. கீரையிலும் காரட்டிலும் உள்ள வைட்டமின் ஏ சத்து உடலில் சேரவும் சிறிது கொழுப்பு வேண்டும். அங்கன்வாடிக் குழந்தையின் கிண்ணத்தில் எண்ணெயைக் குறைப்பது சிக்கனமுமன்று, அறிவியலுமன்று.

கருவுற்ற தாய்க்குப் புரதத் தேவை கடைசி மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 22 கிராம் கூடுகிறது. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் 17 கிராம் கூடுகிறது. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பழக்கமுள்ள வீடுகளில், குழம்பின் அடியில் பருப்பு மிஞ்சியிருக்குமா என்பதையும் ஊட்டச்சத்துக் கல்வி வழங்குவோர் கேட்டறிதல் நலம்.

பொதுச் செலவில் வழங்கும் உணவில் இவ்விரண்டின் விகிதம் எவ்வாறுள்ளது என்பதை அலுவலர்கள் நோக்கலாம். பிரதமரின் போஷண் எனப்படும் பள்ளி உணவுத் திட்டத்தில் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 5 கிராம் எண்ணெய் என்பது அளவு; 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இலக்கு. காகிதத்தில் இது சீரான அளவே. பருப்பு விலை ஏறும் மாதங்களில் முதலில் நீர்த்துப்போவது பருப்பு என்பதால், மேற்பார்வையிடச் செல்வோர் கரண்டியைப் பாத்திரத்தின் அடிவரை விட்டுப் பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டத்தில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டை வழங்கப்படுவதற்கு இவ்வகையில் ஒரு நன்மை உண்டு. முட்டையை நீர் விட்டுப் பெருக்க இயலாது.

பொது விநியோகத்தில் குறை இன்னும் தெளிவு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்துக்கு உரிமை தருகிறது, பருப்புக்குத் தருவதில்லை. சில மாநிலங்கள் தம் செலவில் பருப்பைச் சேர்த்துள்ளன. தமிழ்நாட்டில் 2007 முதல் குடும்ப அட்டைக்கு மானிய விலையில் ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் வழங்கும் ஏற்பாடு வந்தது. ஏழைக் குடும்பத்துக்கு இரண்டும் உதவியே என்பதில் ஐயமில்லை. ஆனால் மானியம் என்பது அரசு வழங்கும் அறிவுரையுமாகும். நால்வருக்கு ஒரு கிலோ பருப்பு என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம். வழிகாட்டி கூறும் 85 கிராமில் பத்தில் ஒன்று. எண்ணெயின் அளவை அப்படியே நிறுத்தி, இனி ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் பருப்பின் பக்கம் சேர்ப்பதே அறிவுடைமை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கொள்முதலும் அதனோடு இணைந்தால் மானாவாரி உழவருக்கும் அது வழி திறக்கும்.

மற்றொரு பக்கம், நம் எண்ணெய் ஆலைகளின் வாயிலிலேயே புரதம் குவிந்து கிடக்கிறது. வித்தைப் பிழிந்தால் கொழுப்பு எண்ணெயாகப் பிரியும். புரதம் பிண்ணாக்கில் தங்கும். மைசூரில் 1950இல் அமைந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம், கடலைப் பிண்ணாக்கு மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் கலந்து பல்நோக்கு உணவு என ஒன்றை உருவாக்கியது. பூஞ்சணத்தால் நிலக்கடலையில் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சு சேர்வது 1960க்குப் பின் தெரியவந்ததும், உலர்த்துவதிலும் சேமிப்பதிலும் கண்டிப்பு இன்றி இம்முயற்சி விரியாது என்பது புலனாயிற்று. சோயா அத்தகைய தடையின்றி வளர்ந்தது. மத்தியப் பிரதேசத்து மாளவப் பீடபூமியில் விளையும் சோயாவின் எண்ணெய் நம் வாணலிக்கு வருகிறது. நூற்றுக்கு 45க்கு மேல் புரதமுள்ள அதன் பிண்ணாக்கில் பெரும்பகுதி கோழித் தீவனமாகவும் ஏற்றுமதிச் சரக்காகவும் செல்கிறது. மளிகைக் கடையில் மீல் மேக்கர் என்ற பெயரில் கிடைக்கும் உருண்டைகள் அதிலிருந்து மனிதருக்கென ஒதுங்கிய சிறு பங்கு. அதில் பாதி புரதம். கொழுப்பு ஒரு விழுக்காடுகூட இல்லை. வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து குழம்பில் இட்டால் போதும்.